பேரெண்ணை வகுத்த 641

பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்த பெர்மா, ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்தவர். இரண்டை 1, 2, 4, 8, 16 என்னும் அடுக்குகளுக்கு உயர்த்தி, ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லையென்றும் அவரே சொன்னார். மூன்று கணக்குகள் சரியாக வந்ததும் விதி கண்டுவிட்டதாகக் குதிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையை நாம் கடிந்துகொள்கிறோம். இவரோ ஐந்து பார்த்தார்.

அடுத்த எண், இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்று: 4294967297. நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இது பகா எண்தான் என்று வகுத்தே உறுதி செய்ய, 65536-க்கு உட்பட்ட 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் யார் அமர்ந்து செய்வார்?

1729-இல் கோல்ட்பாக் என்பார், பெர்மாவின் இக்கூற்றை அறிவீரா என்று ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்திலிருந்த இளைஞர் ஆய்லர் முதலில் அதைப் பெரிதாகக் கருதவில்லை. ஆயினும் 1732-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், அவ்வெண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று அறிவித்தார். ஈவு 6700417.

641-ஐ எப்படிப் பிடித்தார்? அதற்கு முன் 115 பகா எண்கள் உள்ளன. அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை என்பதைப் பிற்காலக் கட்டுரையில் விளக்கினார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவிலேதான் இருக்கும். அவ்வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே எண் உடைந்துவிடுகிறது! உழைப்பை மிச்சப்படுத்தியது இந்தச் சிந்தனையே.

பெரிய வகுத்தல் எதுவுமின்றி இதைக் கரும்பலகையில் காட்டவும் வழியுண்டு. ஆசிரிய நண்பர்கள் மேல்வகுப்பில் செய்து பார்க்கலாம். 641 என்பது 640-உடன் 1; அதுவே 625-உடன் 16-உம் ஆகும். 625 ஐந்தின் நான்காம் அடுக்கு, 16 இரண்டின் நான்காம் அடுக்கு. இனி, 641-ஐ இரண்டின் 28-ஆம் அடுக்கால் பெருக்குக. 625-இன் பங்கு 640-இன் நான்காம் அடுக்காகும். ஏனெனில் 640 என்பது ஐந்தை இரண்டின் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. 16-இன் பங்கு இரண்டின் 32-ஆம் அடுக்காகும். ஆகவே அப்பெருக்குத் தொகையிலிருந்து, 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்ததைக் கழித்தால் மிஞ்சுவது நம் பேரெண்ணே. 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்தது 641-ஆல் வகுபடும். கழிக்கப்படுவதும் வகுபடும், கழிக்கப்படும் மூலத்தொகையும் வகுபடும். மிச்சம் வகுபடாமல் எங்கே போகும்?

பெர்மாவின் ஐந்து பகா எண்கள் வீண்போகவில்லை. அவற்றுள் 17-ஐக் கொண்டு, 1796-இல் பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துப் பதினேழு பக்க ஒழுங்குருவம் வரையலாம் என நிறுவினார்.

ஆனால் ஐந்துக்குப் பின் ஆறாவது பகா எண் இவ்வரிசையில் இன்றுவரை அகப்படவில்லை. 4294967297-க்கு அடுத்து வரும் எண்ணையும் 1880-இல் லாந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர் பகுத்துவிட்டார். அதன் வகு எண்களுள் ஒன்று 274177. அப்போது அவருக்கு வயது 82.