விரித்துக் காப்போர் அடி: தென்காசிக் கோயில் கல்வெட்டும் ஊரமைப்பில் பின்வருவோருக்கான இடமும்

ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாற்றில் தமிழகக் கோயில்களை எடைபோட இரண்டு ஊர்களை எதிரெதிரே நிறுத்தினார். ஒன்று தஞ்சாவூர்: தெளிந்த திட்டத்தோடு தொடங்கி, முடியும்வரை அத்திட்டத்தை விடாமல் பற்றிக் கட்டியது. மற்றொன்று அவர் திருவள்ளூர் என்று குறிக்கும் கோயில்: சிற்றூர்க் கோயிலாகத் தொடங்கியது; செல்வமும் பெயரும் சேர்ந்தபோது பழையதை இடித்துக் கட்டாமல் அதைச் சுற்றி ஒரு திருச்சுற்றும் வாயிலும், அதற்கும் வெளியே இன்னொன்றும் எனக் கூடிக்கொண்டே போனது. வெளிவாயிலில் ஓங்கி நிற்கும் கோபுரங்கள் கருவறையை நெருங்க நெருங்கச் சிறுத்துப்போவது எதனாலும் ஈடுகட்ட முடியாத பிழை என்பது அவர் தீர்ப்பு. பெரும்பாலான தமிழ்க் கோயில்கள் இப்படிச் சேர்ந்த குவியல்களே என்றும் வருந்தினார். நூல் பழையதாகிவிட்டது, தீர்ப்பு பழையதாகவில்லை. நம் ஊர்களின் பழைய நடுப்பகுதிகளைத் 'திட்டமில்லாமல் வளர்ந்தவை' என்று இன்றைக்கும் ஒரு வரியில் ஒதுக்கும்போது பேசுவது பெர்குசனின் குரல்தான். பின்வருபவர் சேர்ப்பதும் திருத்துவதும் திட்டத்தின் தோல்வி அல்ல, திட்டத்துக்குள்ளேயே இடம்பெறக்கூடியவை என்பதற்குத் தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் கல்லில் வெட்டிய சான்று உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெர்குசனின் பார்வையில் உண்மை இல்லாமல் இல்லை. வெளியே பெருத்தும் உள்ளே சிறுத்தும் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற செய்தி. அது ஏன் அப்படி ஆனது என்பதையும் அவரே சரியாகச் சொல்லிவிட்டார்: உள்ளிருப்பது முந்தியது, வெளியிருப்பது பிந்தியது. காரணத்தைக் கண்டவர் அதையே குற்றமாக எழுதியதுதான் விந்தை. கருவறை ஒருமுறை நிறுவப்பட்டால் அதன் அளவை மாற்றுவது எளிதன்று. மூலவரை அசைக்காமல் ஊர் வளர வேண்டுமானால் வெளியே மட்டுமே வளர முடியும். பிந்திய தலைமுறையின் கோபுரம் வீதியைப் பார்த்து நிற்கிறது. தேர் வரும் வீதிக்கும், ஊருக்கு வரும் வழிப்போக்கனுக்கும் அதுவே அடையாளம். கோபுரத்தின் உயரத்தைக் கருவறையோடு ஒப்பிடுவதைவிட வீதியின் அகலத்தோடும் ஊரின் பரப்போடும் ஒப்பிடுவதே முறை. பெர்குசனோ, ராம் ராஸின் 1834ஆம் ஆண்டு நூல் போன்றவற்றில் வந்த தரைப்படங்களைக் கொண்டு பேசியவர். தரைப்படத்தில் பல நூற்றாண்டுகள் ஒரே தாளில் ஒரே நாளில் வரைந்தவைபோல் கிடக்கும். அதை ஒருவர் ஒரே மூச்சில் வரைந்த வரைபடமாக எண்ணிப் பார்த்தால் பிழையாகத்தான் தோன்றும். அவர் மெச்சிய தஞ்சையே அவர் விதிக்கு அடங்கவில்லை. அம்மன் கோயில் பாண்டியர் காலத்துச் சேர்ப்பு, நந்தி மண்டபம் நாயக்கர் காலத்தது. அந்த வளாகத்தில் அவர் மிக உயர்த்திப் பேசிய சுப்பிரமணியர் கோயிலும் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

தென்காசியின் அடிப்படைச் செய்திகள் தெரிந்தவையே. மதுரையை விட்டுத் தெற்கே ஒதுங்கிய பாண்டியருள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் சிற்றாற்றின் கரையில் கோயிலைத் தொடங்கினான். ராஜகோபுரத்துக்கு உபானம் என்ற அடிவரிசை முதல் அடியிட்டது கலியுக ஆண்டு 4558, கார்த்திகை மாதம், அதாவது 1457. ஒன்பது நிலைக் கோபுரத்தை அவன் தம்பி குலசேகரன் முடித்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. வட காசிக் கோயில் சிதைந்துகிடப்பதால் தெற்கே ஒரு காசி எழுப்பச் சொல்லி இறைவன் கனவில் பணித்தான் என்பது தலக்கதை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோயில் பாழடைந்ததால் இன்னொன்று எழுந்தது என்று தன் பிறப்பையே சொல்லிக்கொள்ளும் ஊரில், கட்டியவன் தன் கட்டடமும் பாழடையலாம் என்று எண்ணியிருப்பதில் வியப்பில்லை.

அப்படி எண்ணினான் என்பதற்கு அக்கோயிலில் செய்யுள் வடிவில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சான்று. அவற்றுள் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத ஒரு குற்றம் வந்துவிட்டால், அந்த நேரத்தில் அங்கே வந்து அதை நேர்செய்து காப்பவர் யாராயினும் சரி, உலகம் அறிய அவர்களைப் பணிந்தேன் என்று அரசன் கூறுவது. மற்றொன்று இதைவிடக் கூர்மையானது. கோயில் அமைந்தது தெய்வத்தின் செயல், தன் செயல் அல்ல என்று தொடங்கி, இதை இன்னும் விரிவாக்கிக் காப்பவர்களின் அடியில் விழுந்து அவர்களிடம் ஏவல் செய்வேன் என்று முடிவது. முதல் செய்யுள் பழுதை எதிர்பார்க்கிறது. இரண்டாவது வளர்ச்சியை எதிர்பார்க்கிறது. பழுதுபார்ப்பவன் குலமோ மரபோ கேட்கப்படவில்லை. தன் வழித்தோன்றல் என்றோ, பாண்டியன் என்றோ நிபந்தனை இல்லை. அடுத்து வருபவனுக்கு முதலாமவன் பணியாள் ஆகிறான். கட்டட உரிமையைப் பற்றி இதைவிடத் தலைகீழான ஓர் அரச வாக்கைக் காண்பது அரிது.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு, இது வெறும் வாய்பாடு என்பது. தர்மத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்ற தொடர் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் எண்ணற்ற முறை வருகிறது. ஓம்படைக்கிளவி என்று கல்வெட்டாய்வாளர் வகைப்படுத்துவதும் இதைத்தான். ஆனால் ஓம்படைக்கிளவி கேட்பது வேறு. நிலமோ விளக்கோ எப்படிக் கொடுக்கப்பட்டதோ அப்படியே நிற்க வேண்டும், மாற்றியவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது அதன் போக்கு. அங்கே மாற்றம் பகை. தென்காசிச் செய்யுள்களில் சாபம் இல்லை, மாற்றமே வேண்டுதலாக வருகிறது. வாய்பாட்டின் உடலை எடுத்துக்கொண்டு அதன் பொருளைத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்றே நான் கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. விரிவு என்று அரசன் சொன்னது எதிர்காலத்தை எல்லாம் அன்று, முடியாமல் நின்ற கோபுரத்தைத்தான் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானால் அது தம்பிக்கு விட்ட வேண்டுகோள், அவ்வளவே. செய்யுளில் ஆண்டு இல்லை. 1457க்கு முந்தியதானால் இந்த மறுப்பு விழும், பிந்தியதானால் நிற்கும். இதை இப்போது தீர்க்க முடியாது. ஆயினும் வேலையை முடி என்பதற்கும் விரித்துக் கா என்பதற்கும் வேறுபாடு உண்டு. கோபுரப் பணியைக் கூறும் செய்யுளில் நாள், கிழமை, நட்சத்திரம் வரை சொல்லிய புலவர், கோபுரத்தையே கருதியிருந்தால் இங்கே கோபுரம் என்ற சொல்லைத் தவிர்த்திருக்க வேண்டிய தேவை தெரியவில்லை. பழுதைப் பற்றிய முதல் செய்யுளையோ இந்த மறுப்பு தொடவே இல்லை.

எண்ணம் சொல்லில் மட்டும் நின்றால் அதைக் கட்டடக்கலை என்று கொள்ள முடியாது. கட்டுமான முறையைப் பார்க்க வேண்டும். பெருங்கோபுரங்களில் அடிநிலை கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும், அவற்றின்மேல் சுதை உருவங்கள், அதற்குமேல் வண்ணம். மேலே செல்லச் செல்ல ஆயுள் குறையும், பளுவும் குறையும், மாற்றுவதும் எளிதாகும். வண்ணத்தையும் சுதையையும் ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் தொடலாம், செங்கல்லைச் சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை, கல்லைத் தொடவே வேண்டியதில்லை. திருப்பணி நடக்கும்போது வழிபாடு நின்றுவிடாமல் இருக்கப் பாலாலயம் என்ற ஏற்பாடு இருக்கிறது. மயமதம் என்ற சிற்பநூல் பழுதுபார்த்தலுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர் ஜான் ஹாப்ராகன் 1961இல், நெடுநாள் நிற்கும் தாங்குகட்டும் குடியிருப்போர் மாற்றிக்கொள்ளும் உட்கட்டும் தனித்தனியே திட்டமிடப்பட வேண்டும் என்று எழுதியபோது அது வீட்டுவசதித் துறையில் புதுக்கருத்தாகப் பேசப்பட்டது. இன்று 'மாற்றத்துக்கு இடம்தரும் வடிவமைப்பு' என்று கட்டடக்கலை நிறுவனங்கள் முன்வைப்பதன் வேரில் அவர் நூல் இருக்கிறது. அவர் கோயிலைக் கண்டு எழுதவில்லை, கோயில் கட்டியவர்களும் அவரைப்போல் கொள்கை வகுக்கவில்லை. வேறுவேறு ஆயுளுள்ள பகுதிகளைப் பிரித்துக் கட்டுவது என்ற அறிவு மட்டும் இரண்டுக்கும் பொது.

தென்காசிக் கோபுரத்தின் பிற்கால வரலாறு இதற்குச் சோதனையாக அமைந்தது. மேல்நிலைகள் அழிந்து, பிளந்த அடிப்பகுதி மட்டும் நெடுங்காலம் மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு நின்றது. தீயா, இடியா, எந்த ஆண்டு என்பதில் சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதே மிகுதியாகச் சொல்லப்படுவது. 1990இல் ஒன்பது நிலைக் கோபுரம், ஏறக்குறைய 180 அடி உயரத்தில், மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. அரசன் அடிபணிந்து வேண்டியும் பல தலைமுறை எவரும் வரவில்லையே, இதில் என்ன திட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணமும் அதிகாரமும் இல்லாத காலத்தில் எந்த வடிவமைப்பும் தன்னைத் தானே கட்டிக்கொள்ளாது. ஆனால் மேற்பகுதி போனபின்னும் வாயில் வாயிலாகவே இருந்தது. இடத்தை வேறெதற்கும் கொடுத்துவிடாமல் ஊர் காத்திருந்தது. வந்தவர்கள் பாண்டியர் அல்லர் என்பதையும் செய்யுளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலத்தைப் பற்றிய சான்று இவ்வளவு உறுதியானது அன்று. எனினும் அதை விட்டுவிட மனமில்லை. குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. அகத்தியர் திருமாலைச் சிவனாக்கினார் என்ற தலக்கதையோடு இது பொருத்திச் சொல்லப்படுகிறது. வடிவம் சமயக் குறியீடே, நிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எளிய விளக்கம். அது போதாது. பேரருவிக்கு அருகே, மலையும் ஆறும் நெருக்கும் இடத்தில், நான்கு வீதியும் நாற்புறத் திருச்சுற்றும் கொண்ட சதுர ஊரை விரிப்பது கடினம். நடராசருக்குரிய சித்திர சபையும் கோயிலோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தனியே நிற்கிறது. அதன் சுவரோவியங்களோ காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டவை. நிலம் தந்த நெருக்கடியைக் கட்டியவர்கள் குறியீடாக்கிக்கொண்டார்கள் என்பதே பொருந்தும். அருவியிலும் இதே போக்கைக் காணலாம். மேலிருந்து விழும் சிற்றாறு பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் முதலில் தங்கி, வேகம் தணிந்து கீழே வருவதால்தான் அதன் அடியில் நின்று குளிக்க முடிகிறது. மலை செய்துவைத்த அந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் ஊர் தன்னை அதற்குக் கீழே அமைத்துக்கொண்டது. சங்கு வடிவுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைக் கல்வெட்டால் மெய்ப்பிக்க முடியாது, அளவைப்படத்தால் முடியும்.

1914இல் இந்தியாவுக்கு வந்த நகரத் திட்டவியலாளர் பாட்ரிக் கெடிஸ், பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் மிகக் குறைந்த வெட்டோடு சீராக்கும் முறையைத் தம் நகர அறிக்கைகளில் வற்புறுத்தினார். தென்னாட்டுக் கோயில் நகரங்களை அவர் மதித்ததும் அதனால்தான். பெர்குசனுக்கு அவரே பொருத்தமான விடை. ஆனால் கெடிஸும் ஊரின் முழுமையைப் பேசினாரே தவிர, கட்டியவனே பின்வருவோரை நோக்கிப் பேசிய சான்று எதுவும் அவர் கையில் இல்லை. தென்காசியில் அது இருக்கிறது. 2019 நவம்பர் 22 முதல் மாவட்டத் தலைநகராகிவிட்ட அவ்வூரில் புதிய அலுவலகங்களும் சாலைகளும் பழைய வீதிகளை நெருக்கும் காலம் இது. து. அ. கோபிநாத ராவ் திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பிற்காலப் பாண்டியரின் சாசனங்களைப் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. தென்காசிச் செய்யுள்கள் ஒவ்வொன்றும் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எதன் பக்கத்தில் வெட்டப்பட்டுள்ளது என்பதைக் கோயிலின் அளவைப்படத்தோடு காட்டும் புதுப் பதிப்பு ஒன்று வேண்டும். விரிவைக் கேட்கும் செய்யுள் 1457க்கு முந்தியதா பிந்தியதா என்பதை முடிவுசெய்ய அதைத் தவிர வேறு வழி இல்லை. அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டும் முன்பே தொல்லியல் துறை இதைச் செய்துவிட வேண்டும்.