திருவொற்றியூர் புல்லட்டும் சௌராஷ்டிர சக்டாவும்

1990-களில் டெல்லியில் குடியிருந்த நம்மூர்க்காரர் யாரிடமாவது "ஃபட்ஃபட்டி" என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் அரைமணி நேரம் பேசுவார். முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி குதிரையில்லாத ஜட்கா. கன்னாட் பிளேஸில் ஏறினால் செங்கோட்டைப் பக்கம் இறங்கும்வரை பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்தச் சத்தமே வண்டிக்குப் பெயராகிவிட்டது.

அந்த முன்பாதி ஹார்லி டேவிட்சன் என்பது பலருக்கு அப்போது தெரியாது. இரண்டாம் உலகப்போருக்காக இந்தியா வந்த ராணுவ வண்டிகள் அவை. போர் முடிந்ததும் மலிவாக ஏலத்துக்கு வந்தன. 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து மேற்குப் பஞ்சாபிலிருந்து டெல்லி வந்த குடும்பங்களுக்கு, கையில் இருந்த கொஞ்சம் காசுக்குக் கிடைத்த பிழைப்பு இது. பின்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு சக்கரம் வைத்த அச்சைப் பூட்டி, அதன்மேல் எதிரும் புதிருமாகப் பலகை போட்டால் ஆறு பேர் உட்காரலாம். நாளடைவில் பெட்ரோல் இன்ஜின் தேய்ந்து உதிரி பாகம் கிடைக்காமல் போக, தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் ஹார்லி என்று மிச்சம் இருந்தது முன் ஃபோர்க்கும் டாங்கும்தான். மாசு பிரச்சினையில் உச்ச நீதிமன்றம் கடுமை காட்டிய 1998-ஓடு ஃபட்ஃபட்டியின் கதை முடிந்தது.

இப்போது நம் பிள்ளைகள் பைக்கை "கஸ்டமைஸ்" பண்ணுகிறேன் என்று லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள் இல்லையா, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். இந்தியாவில் பழைய மோட்டார் சைக்கிளை வெட்டி ஒட்டிய சரித்திரத்தை எழுதினால் அதில் பொழுதுபோக்கு கடைசி அத்தியாயமாகத்தான் வரும். முதல் அத்தியாயங்கள் முழுக்க வயிற்றுப்பாடு.

அந்தச் சரித்திரத்தின் பெரிய பகுதி நம்ம ஊர் வண்டியுடையது. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட் தேவைப்பட, 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1957-இல் அச்சு, கருவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சில வருஷங்களில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் 1950-களின் அதே வடிவம், பெரிய மாற்றமில்லாமல், பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தது.

இதைக் கம்பெனியின் சோம்பேறித்தனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. பட்டறைக்காரருக்கோ அது வரப்பிரசாதம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மெக்கானிக்கல் படிக்காதவர்களுக்கும் புரியும். இப்போதைய மோட்டார் சைக்கிள்களில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பழைய புல்லட்டில் இரண்டும் தனித்தனி. இன்ஜினிலிருந்து ஒரு பிரைமரி செயின் கிளட்சுக்குப் போகும், கிளட்ச் கியர் பாக்ஸைச் சுற்றும், அங்கிருந்து இன்னொரு செயின் பின்சக்கரத்துக்கு. ஆக, பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எந்த இன்ஜினை வைத்தாலும் கிளட்ச், கியர் பாக்ஸ், ஃப்ரேம் எல்லாம் அப்படியே உதவும். இரண்டு கனத்த இரும்புத் தகடு வெட்டி ஓட்டை போட்டுப் புது இன்ஜினை நிறுத்தவேண்டும், செயின் நேர்கோட்டில் ஓடும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். லேத் பட்டறையும் வெல்டிங்கும் இருக்கிற எந்தத் தாலுகா ஊரிலும் முடிகிற வேலை.

1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் இந்த வசதியை வடக்கிலும் மேற்கிலும் பிடித்துக்கொண்டார்கள். டீசல் விலை குறைவு, லிட்டருக்குக் கிடைக்கும் தூரமும் அதிகம். ஆனால் சும்மா தூக்கி வைத்தால் ஓடாது. புல்லட்டின் பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போகும். பம்ப் செட் டீசல் இன்ஜின் அதில் பாதி சுற்றினாலே அதிகம். அதனால் இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கவேண்டும். ரொம்பப் பெரிதாக்கினால் வேகம் வரும், மேட்டில் மூச்சு வாங்கும். குறைத்தால் பாரம் இழுக்கும், ரோட்டில் சைக்கிள்காரன் முந்துவான். தன் பிழைப்புக்கு எது வேண்டுமோ அதைச் சொந்தக்காரரே முடிவு செய்தார். பட்டறைகள் செய்ததைப் பார்த்துவிட்டுக் கம்பெனியே பிற்பாடு 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி இன்ஜின் போட்டு டீசல் புல்லட் விற்றது. ஆறரைக் குதிரைசக்தி. புகை விதிகள் இறுகிய 2000 வாக்கில் அது நின்றுபோனது.

குஜராத்தில் சௌராஷ்டிரப் பக்கம் போனவர்களுக்குச் "சக்டா" தெரிந்திருக்கும். அகமதாபாத் மணிநகரில் இருக்கிற நம் மக்கள் சோம்நாத்துக்கோ துவாரகைக்கோ போகும் வழியில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். முன்னால் புல்லட்டின் முகம், ஹேண்டில்பார், டாங்கு. பின்னால் வண்ணம் பூசிய திறந்த தட்டு, அதில் கடலை மூட்டை, அதன்மேல் ஆட்கள், நடுவில் ஒரு ஆடு. நிலக்கடலைக் கிணறுகளுக்காக டீசல் இன்ஜின் செய்து பேர் வாங்கிய ஊர் ராஜ்கோட். ஆக இன்ஜின் உள்ளூரிலேயே கிடைத்தது, புல்லட் காயலாங்கடையில் கிடைத்தது, பின் அச்சுக்குப் பழைய காரின் டிஃபரன்ஷியல். பஸ் வராத கிராமங்களுக்குச் சக்டாதான் பஸ், அதுவே லாரி, அதுவே கல்யாண வண்டி. பிறகு ராஜ்கோட்டின் அதுல் நிறுவனம் இதையே முறையான தயாரிப்பாக்கி விற்றது.

இதே சௌராஷ்டிரத்தில் அம்ரேலி மாவட்டத்துக்காரர் மன்சுக்பாய் ஜகானி. விவசாயக் கருவிகள் செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. 1990-களின் முதல் பாதியில் அந்தப் பக்கம் வறட்சி. தீவனம் இல்லாமல் மாடு வைத்துக்கொள்ள முடியவில்லை, கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் வாங்கச் சிறு விவசாயிக்கு வழியில்லை. 1994 வாக்கில் இவர் ஒரு புல்லட்டை எடுத்து, டீசல் இன்ஜின் வைத்து, பின்சக்கரம் இருந்த இடத்தில் இரண்டு சக்கரமும் கருவிச் சட்டமும் பூட்டினார். அதில் கலப்பை மாட்டினால் உழும், மாற்றினால் விதைக்கும், களை எடுக்கும். ஏக்கரை அரைமணியில், சுமார் இரண்டு லிட்டர் டீசலில் உழுததாகப் பதிவு. வண்டிக்குப் பெயர் "புல்லட் சாந்தி". (நம்மூர் சாந்தி அக்கா இல்லைங்க. குஜராத்தியில் மாடு பூட்டி இழுக்கும் ஏர்க்கருவிக்கு அந்தப் பெயர்.) இந்த இணைப்பின் நயம் என்னவென்றால், கழற்றி மாட்டலாம். உழவு முடிந்ததும் வண்டி மறுபடி மோட்டார் சைக்கிள்.

அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் அனில் குப்தாவின் தேனீ வலையமைப்பு இதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தது. தேசிய அளவில் பாராட்டு வந்தது. 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையே கிடைத்தது. சுற்றுவட்டாரப் பட்டறைகள் பார்த்துப் பார்த்து இதே மாதிரி செய்து விற்றன.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். ஜகானி செய்ததும், ஃபட்ஃபட்டிக்காரர் செய்ததும், நம்ம சென்னையில் மூணு சக்கர சைக்கிளில் பழைய பைக் இன்ஜினைக் கட்டி "மீன்பாடி வண்டி" ஓட்டியவர் செய்ததும் அடிப்படையில் ஒரே காரியம். ஒருவருக்குக் காப்புரிமை, மற்றவர்களுக்கு போலீஸ் துரத்தல். ஒன்று வயலில் ஓடியது, மற்றவை ரோட்டில் ஓடின என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஒரு ஆளும் பின்சீட்டில் ஒருவரும் போவதற்காகச் செய்த பிரேக்கை நம்பிப் பத்துப் பேரை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பதிவு எண் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. அடிபட்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு யார் கொடுப்பார்? ராஜஸ்தானில் அரசு பஸ் சம்பந்தப்பட்ட ஒரு விபத்து வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் இந்த "ஜுகாட்" வண்டிகளும் சட்டப்படி மோட்டார் வாகனமே, பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓடக்கூடாது என்றது. நியாயமான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வண்டியைப் பதிவு செய்ய எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம்? கம்பெனி இல்லை, மாதிரிச் சான்று இல்லை. பதிவு செய்யச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காமல் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

வீட்டில் அப்பாவின் பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு கை அரிக்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 2000-த்தில் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே அடித்துச் சொன்னது. சீட்டுக்குப் புது உறை, பெயின்ட், துருப்பிடித்த மட்கார்டைத் தட்டிச் சரிசெய்வது, பழைய கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம், காசும் அதிகம் ஆகாது. ஃப்ரேமை அறுக்காதீர்கள். சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்பாதீர்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி புகார் கொடுத்தால் நான் பொறுப்பில்லை.

சட்டம் இப்படி இருக்க, பஞ்சாபில் 2022 ஏப்ரலில் ஒரு கூத்து நடந்தது. அங்கே பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் தள்ளுவண்டித் தட்டைப் பூட்டிக் காய்கறி, சிமெண்டு, கம்பி ஏற்றுகிற "ரேடி" ஊரெல்லாம் உண்டு. அவற்றைப் பறிமுதல் செய்யச் சொல்லிப் போலீஸ் உத்தரவு வந்தது. ரேடிக்காரர்கள் தெருவுக்கு வந்ததும் சில நாளிலேயே அரசு பின்வாங்கியது. சட்டம் மாறவில்லை, வண்டியும் நிற்கவில்லை.

சௌராஷ்டிரத்தில் கதை வேறு மாதிரி போகிறது. 2010 வாக்கில் புல்லட்டுக்கும் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் வரும் புது வடிவம் வந்துவிட்டது. இன்ஜினை மட்டும் கழற்றி வேறு வைக்கும் வேலை அதில் நடக்காது. மிச்சம் இருப்பவை பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகள். அவற்றை இப்போது பெங்களூரிலும் புனேயிலும் ஐ.டி. பசங்கள் தேடித்தேடி வாங்கிப் பழைய மெருகு ஏற்றுகிறார்கள். ஒரு காலத்தில் காயலாங்கடையில் கிடந்த அந்தப் புல்லட்டை இன்று சக்டா செய்ய நினைக்கும் ஆளால் வாங்க முடியாது.