காயல் கண்ட இரு பழக்கங்கள்

பழக்கத்தை அரபியர் 'ஆதத்' என்பர். 'மீண்டு வருதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. மீண்டு மீண்டு வருவதெல்லாம் நன்மையாகுமா? முத்துக்குளித்துறைக் கடற்கரையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

அரபியர் மஅபர் என்றழைத்த தமிழகக் கரைக்கு 1290களில் வந்தவர் மார்க்கோ போலோ. ஹுர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தடைந்த காயலை அவர் பெருநகரம் என்று போற்றுகிறார். தாமிரபரணி முகத்துவாரத்திலுள்ள பழையகாயலே அந்நகரம் என்பது கால்டுவெல்லின் முடிவு.

மஅபர் மக்கள் நாளுக்கு இருமுறை நீராடினர். ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனி நீர்க்கலம் வைத்திருந்தனர். உதடு படாமல் அண்ணாந்து பருகினர் என்று அவர் நூல் கூறுகிறது. காயல் மக்கள் ஓயாது தாம்பூலம் மென்றதையும் அது குறிக்கிறது. அப்பழக்கம் உடலுக்கு மிக நல்லதென்று சொல்லப்பட்டதாக 1559இல் வெளிவந்த ராமுஸியோ பதிப்பு தெரிவிக்கிறது. 1340களில் மஅபர் வந்த இப்னு பதூதாவும் வெற்றிலை பாக்கு வாயை மணக்கச் செய்யும், உணவைச் செரிக்கச் செய்யும் என்றே தம் பயணநூலில் எழுதினார்.

இரு பழக்கங்களும் எழுநூறு ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்துள்ளன. ஆனால் ஒன்று உயிர் காப்பது. மற்றொன்று உயிர் குடிப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985இலேயே புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் அத்தகையனவே என்பதை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதிசெய்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஆத்தூர் வெற்றிலையின் மீது இதில் பழியில்லை; குற்றம் பாக்கினுடையதும் புகையிலையினுடையதுமே.

இரண்டையும் நிலைக்கச் செய்த காரணம் ஒன்றுதான். நீராடலுக்கு வேளை இருந்தது. தாம்பூலத்துக்கோ உணவுக்குப் பின் ஓர் இடம், விருந்தினர் முன் ஒரு தட்டு, திருமணத்தில் ஒரு மரியாதை எல்லாம் இருந்தன. வேளையும் இடமும் சுற்றமும் சேர்ந்து தாங்குவது எதுவோ, அதுவே நிலைக்கும்.

இக்கால ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர், அன்றாட நிகழ்வு ஒன்றையொட்டி ஒரு புதிய செயலைத் தொடர்ந்தனர். அது இயல்பாகப் படிய ஏறத்தாழ 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டன. ஒருநாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை.

வழக்காற்றைச் சட்டத்திற்கு ஆதாரமாக ஏற்ற ஃபிக்ஹு அறிஞர்கள், தீங்கு பயக்கும் வழக்காற்றை ஏற்கவில்லை. ஆகவே, முதலில் பழக்கத்தை உரைத்துப் பார்க்க வேண்டும். பின்னரே அதை வேளையோடு பிணைக்க வேண்டும். ஒளுவுக்குப் பாங்கோசை வேளை குறிப்பதுபோல், சுபுஹுத் தொழுகைக்குப் பின் அரைமணி நடைக்கும் ஒரு வேளை குறிக்கலாம். விருந்தினர் முன் நீட்டும் தட்டு நீடிக்கட்டும். அதில் பாக்கு இருந்த இடத்தில் பேரீச்சம்பழம் இருக்கட்டும். மரியாதை குறையாது, ஆயுள் கூடும், இன்ஷா அல்லாஹ்.