கரையும் துறையும்: காத்தோங் கடலோரத்தில் பொதுவழியின் வரலாறு

கரை, துறை என்னும் இரு சொற்களையும் தமிழர் வேறுபடுத்தியே வழங்கி வந்துள்ளனர். நீர் எங்கெல்லாம் நிலத்தைத் தொடுகிறதோ அங்கெல்லாம் கரை உண்டு. துறை என்பது அக்கரையில் மக்கள் இறங்கி நீரை அடைவதற்கென வாய்த்த இடம். நீராடியதும், குடத்தில் நீர் முகந்ததும், ஓடம் ஏறியதும், வலையைக் கரைசேர்த்ததும் துறையில்தான். நெய்தல் நிலத் தலைவனைத் துறைவன் என்று குறித்த சங்க மரபும், மயிலாடுதுறை, ஆடுதுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை முதலிய ஊர்ப்பெயர்களும் இச்சொல்லின் பழமையை உணர்த்துவன.

சிங்கப்பூரின் கிழக்குக் கடலோர வட்டாரமான காத்தோங்கின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்விரு சொற்களின் துணையோடு இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம். அங்கே கரை ஒருமுறை இடம் மாறிவிட்டது. மற்றொரு முறை மாறவிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாருக்குத் துறை வாய்த்தது, யாருக்கு அது வாய்க்கவில்லை என்பதே நம் வினா.

தோப்புகளும் கடல் மாளிகைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காத்தோங் பெரும்பாலும் தென்னந்தோப்பாக இருந்தது. தோட்ட உரிமையாளர்களின் நிலம் கடல்மணல் வரை நீண்டு கிடந்தது. சிக்லாப் போன்ற இடங்களில் மீனவக் கம்பங்கள் இருந்தன. இலங்கைத் தமிழரும் இவ்வட்டாரத்தில் குடியேறினர். சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் ஆலயத்தின் வரலாறு, குளக்கரையில் நின்ற செண்பக மரத்தடியில் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்ட செய்தியோடு தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துத் துறைகளிலிருந்து கடல் கடந்து வந்தோர், புதிய நாட்டிலும் ஒரு நீர்நிலையின் அருகே தம் வழிபாட்டை நிலைநாட்டினர்.

1879ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் தஞ்சோங் காத்தோங்கில் ஒரு கோட்டையைக் கட்டினர். அது நெடுநாள் பயன்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. அது புதையுண்ட இடத்தில் பின்னர் காத்தோங் பூங்கா அமைந்தது. அன்று அப்பூங்காவின் விளிம்பில் கடலலை மோதியது. கடலுக்குள் மரக்கம்பங்களை நட்டு அடைத்த நீச்சல் வேலியும் அங்கு இருந்தது. மலாய் மொழியில் பகார் என்றால் வேலி. அதனால் இத்தகைய குளியலிடங்களை மக்கள் பகார் என்றே அழைத்தனர். கடல்முகப்பில் சொந்த வீடில்லாதவரும் சென்று இறங்கக்கூடிய துறையாக அப்பூங்கா விளங்கியது.

அத்தகைய துறைகள் மிகுதியாக இருக்கவில்லை. செல்வர்கள் தோப்பு நிலங்களை வாங்கிக் கடல் நோக்கிய மாளிகைகளை எழுப்பினர். ஐரோப்பியர் 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் கழகம் தஞ்சோங் ரூவில் இருந்தது. சீன நீச்சல் ஆர்வலர்கள் 1905இல் ஒரு குழுவாகக் கூடினர். அதுவே சீன நீச்சல் கழகமாக வளர்ந்தது. அக்காலத்தில் கடலில் நீந்துவதற்கும் உறுப்பியம் வேண்டியிருந்தது. உறுப்பியமோ இனத்தையும் செல்வத்தையும் பொறுத்திருந்தது.

தமிழ் வாசகர் சிறப்பாகக் கருதத்தக்க மாளிகை ஒன்று இங்குண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலிலிருந்து வந்து, கால்நடை வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய மூனா காதர் சுல்தான், 1920ஆம் ஆண்டளவில் காத்தோங் கடலோரத்தில் கட்டி முடித்த காரைக்கால் மஹால் அது. தாம் பிறந்த துறைமுக ஊரின் பெயரையே தம் மாளிகைக்கு இட்டார் அவர். 1947க்குப் பின் அது தங்கும் விடுதியாக மாறியது.

வேறொரு போக்கையும் இங்குக் குறிப்பிட வேண்டும். காத்தோங்கில் பெருநிலம் உடைமையாகக் கொண்டிருந்த சியூ ஜூ சியாட், தம் தோட்டத்தின் ஊடே சென்ற மண்பாதையைப் பொதுச்சாலையாக்க விலையின்றி நிலம் தந்தார். ஜூ சியாட் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்பது அதனால்தான். தனியுடைமை நிலத்தில் பொதுவழி தோன்றக் கொடையும் ஒரு காரணமாகலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் கொடையாளியின் விருப்பத்தை மட்டும் நம்பியிருக்கும் வழி, உரிமையாக நிலைபெற்ற வழி ஆகாது.

சட்டம் எங்கே நின்றது?

ஆங்கிலேயச் சட்ட மரபில், ஓதம் ஏறி இறங்கும் எல்லைகளுக்கு இடைப்பட்ட மணற்பரப்பு பொதுவாக அரசுடைமை. கடலும் கடற்கரையும் யாவர்க்கும் பொது என்னும் கருத்து அதனினும் பழையது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த உரோமானியச் சட்ட நூலிலேயே அது காணப்படுகிறது. அவ்வாறாயின் காத்தோங் மணலில் யாரும் நடந்திருக்கலாமே என்னும் வினா எழும். மணல் பொதுவாக இருந்தாலும், சாலைக்கும் மணலுக்கும் இடையே கிடந்த நிலம் தனியார் உடைமை. கரை எல்லார்க்கும் உரியதாயினும் அதனை அடையும் வாயில் சிலர் கையில் இருந்தது.

இச்சிக்கல் காத்தோங்கிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வேட்டை நிலமாக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932இல் தொழிலாளர் பலர் திரண்டு அத்துமீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். மலை, தரிசு நிலங்களில் நடக்கும் உரிமையை அங்கே 2000ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியது. ஸ்காட்லாந்து 2003இல் அதனினும் விரிந்த உரிமையை ஏரிகளுக்கும் காட்டுப்பாதைகளுக்கும் நல்கியது. நீரும் காடும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை அடையும் உரிமையே மாறியது. காத்தோங்கில் நிகழ்ந்ததோ விந்தையானது. அங்குக் கடலே இடம் பெயர்ந்தது.

கடல் பின்வாங்கிய காலம்

1964இல் முன்கரைச் சட்டம் திருத்தப்பட்டது. நிலமீட்பினால் கடல்முகப்பை இழக்கும் நிலவுடைமையாளர் அவ்விழப்பிற்கென ஈடு கோர இயலாது என்பது அதன் சாரம். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பதனால் கடலும் ஒருவர் உடைமையாகிவிடாது என்னும் கருத்து இவ்வாறு சட்டமாயிற்று. நம் பார்வையில், காத்தோங்கின் பொதுவழி வரலாற்றில் இதுவே திருப்புமுனை.

1966இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிழக்குக் கடலோர நிலமீட்பைத் தொடங்கியது. பெடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகள் வெட்டப்பட்டு, அம்மண் நகரும் பட்டைகளின் வழியே கடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஏழு கட்டங்களாக 1985 வரை நடைபெற்ற அப்பணியில் ஏறத்தாழ 1,525 ஹெக்டர் நிலம் உருவாயிற்று. புதிய நிலத்தில் மரின் பரேட் குடியிருப்புப் பேட்டை எழுந்தது. சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்ட 1981இல் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையும் நிறைவுற்றது. அதற்கு அப்பால், புதிய அலைவிளிம்பை ஒட்டி, கிழக்குக் கடற்கரைப் பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்திற்கு விரிந்தது.

காரைக்கால் மஹாலின் நிலை இம்மாற்றத்தைத் தெளிவாக எடுத்துரைக்கும். 1970களில் ஸ்டில் ரோடு தெற்கு நோக்கி நீட்டிக்கப்பட்டபோது, சாலை மாளிகை வளாகத்தின் ஊடே சென்றது. வளாகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு செல்வரின் மதிலுக்குள் அடங்கியிருந்த நிலத்தின் வழியே இன்று பேருந்தும் மிதிவண்டியும் புதிய கடற்கரையை நோக்கிச் செல்கின்றன. மாளிகை கடலை இழந்தது. மக்கள் கடலுக்கு ஒரு வழியைப் பெற்றனர்.

எனினும் இதனை வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிட்டால் வரலாறு குறைபடும். மீனவக் கம்பத்தார்க்குக் கடல் பொழுதுபோக்கிடம் அன்று. அது அவர்தம் உழவுநிலம். படகை வீட்டு வாயிலில் ஏற்றி வைத்த வாழ்க்கையைப் பூங்காவின் புல்வெளி ஈடு செய்யவில்லை. காத்தோங் பூங்காவும் தன் துறையை இழந்து நகருக்குள் ஒதுங்கியது. புதையுண்ட கோட்டையின் சுவர் 2001இல் மீண்டும் கண்டறியப்பட்டபோது, கடலைக் காக்க எழுந்த அச்சுவரிலிருந்து கடலைக் காண இயலாத நிலையே இருந்தது. மேலும், விரைவுச்சாலை குடியிருப்புக்கும் பூங்காவிற்கும் இடையே ஒரு புதிய மதிலாக நின்றது. அதன் அடியில் அமைந்த சுரங்க நடைபாதைகளே இன்றைய துறைகள். தள்ளுவண்டியில் குழந்தையை அழைத்து வரும் தாயும், கைத்தடி ஊன்றி வரும் முதியவரும் அலையை அடைவது அவற்றால்தான். 2024 ஜூனில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில்தடத்தில் காத்தோங் பார்க், மரின் பரேட் முதலிய நிலையங்கள் திறக்கப்பட்டமை அவ்வழியை மேலும் அகலமாக்கியுள்ளது.

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அவற்றின் தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாச்சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். மனிதச் செயலால் அகன்ற மணல்வெளி ஒரு மாநகரின் பொதுவெளியாயிற்று. அங்கும் உலாவ வருவோரின் தேவையும் மீனவரின் தேவையும் ஒன்றாக இருக்கவில்லை.

கடல் ஏரியாகும் நாள்

இனி வரவிருக்கும் மாற்றத்தைக் காண்போம். கிழக்குக் கடலோரத்திற்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு, நீண்ட தீவு எனப் பொருள்படும் லாங் ஐலண்ட் திட்டத்தை நிறைவேற்ற ஆய்வுகள் தொடங்கும் என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கடல்மட்ட உயர்விலிருந்து தாழ்நிலக் கரையைக் காப்பது அதன் முதன்மை நோக்கம். புதிய நிலத்திற்கும் இன்றைய பூங்காவிற்கும் இடையே அடைபடும் கடல், நன்னீர்த் தேக்கமாக மாறும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் புதிய நீர்முகப்புப் பூங்காக்களும் அமையும் என அறிவிப்பு கூறுகிறது. அதாவது, காத்தோங் மக்கள் கால் நனைக்கும் கடல் ஓர் ஏரியாகும். ஓதம் அறியும் கடல் மேலும் ஒரு தீவுக்கு அப்பால் செல்லும்.

எனவே சிங்கப்பூரின் ஏரிகள் மக்களை எவ்வாறு நடத்தின என்னும் வரலாறும் இனிக் காத்தோங்கிற்குரிய பாடமாகிறது. நாட்டின் முதல் நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. 1922இல் அது மெக்ரிட்சி எனப் பெயர் பெற்றது. அதன் நீர்ப்பிடிப்புக் காடு வெட்டப்படாமல் காக்கப்பட்டதால்தான் இன்றும் நகர நடுவே பழங்காட்டின் பகுதிகள் எஞ்சியுள்ளன. நீரைத் தூய்மையாகக் காக்க மனிதரைத் தள்ளி நிறுத்துவதே நெடுங்காலம் நெறியாக இருந்தது. அந்நெறி படிப்படியாக நெகிழ்ந்தது. 2004இல் அக்காட்டின் மரமுடிகளினூடே 250 மீட்டர் நீளமுள்ள தொங்கு நடைபாலம் திறக்கப்பட்டது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம், நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உடைய பொதுவிடங்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2008இல் மரினா அணைக்கட்டு கடல்வாயை அடைத்தபோது, அதன் புல்வேய்ந்த கூரையே மக்கள் பட்டம் விடும் திடலாயிற்று. இன்று நீர்த்தேக்கங்கள் 17. அவற்றின் கரைகளில் நடக்கலாம். சிலவற்றில் துடுப்புப் படகு செலுத்தலாம், குறித்த இடங்களில் தூண்டில் இடலாம். கடலில் போல் விரும்பியபோது இறங்கி நீந்துவதற்குப் பொதுவாக இடமில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. கடற்கரையில் எவரும் யாரிடமும் கேளாது நீரில் இறங்குகிறார். நீர்த்தேக்கத்தில் விதிகள் அனுமதிக்கும் இடத்தில் இறங்குகிறார். குடிநீரைக் காக்க விதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கடல்மட்ட உயர்வும் கற்பனை அச்சம் அன்று. 2100ஆம் ஆண்டிற்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே கரை மாற வேண்டியதாகவே இருக்கலாம். மாறும் கரையில் துறைகள் எத்தனை, அவை எங்கே, அவற்றில் என்னென்ன செய்யலாம் என்பன வரைபடம் முடிவாகும் முன்னரே பேசப்பட வேண்டியவை.

அவ்வாறு பேசுவதால் பயன் விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. தஞ்சோங் பகார் வரை ஓடிய மலாயா ரயில் சேவை 2011 ஜூன் 30இல் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அத்தடத்தைப் பசுமை வழியாகப் பேண வேண்டும் என்னும் முன்மொழிவை வைத்தது. இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில் மக்கள் நடக்கின்றனர். தண்டவாளம் அகன்ற இடத்தில் பொதுவழி தானாகத் தோன்றிவிடவில்லை. கேட்டவர் இருந்தனர், கேட்கப்பட்டது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியில் பங்கேற்கலாம். பழைய நிலப்படங்களையும் இன்றைய நிலப்படத்தையும் அடுத்தடுத்து வைத்து, காத்தோங்கின் பழங்கரையை மாணவர்கள் நடந்தே கண்டறியலாம். கடல் அருகிலிருந்த நாள்களை நினைவுகூரும் முதியோரிடம், எந்தச் சந்து வழியே மணலுக்குச் சென்றனர், எந்த வாயில் அவர்க்கு மூடியிருந்தது எனக் கேட்டுத் தமிழிலேயே பதிவு செய்யலாம். அப்பதிவுகள் வகுப்பறையோடு நின்றுவிடாமல், புதிய கரை குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்படும் கூட்டங்களுக்கும் செல்ல வேண்டும். துறை என்னும் சொல்லை இன்று நாம் கல்வித்துறை, அரசுத்துறை என்று மட்டுமே பெரிதும் வழங்குகிறோம். அதன் பழம்பொருளையும் இளையோர் அறிந்தால், வரவிருக்கும் ஏரியின் கரையில் தமக்கும் தமக்குப் பின் வருவோர்க்கும் எங்கே துறை வேண்டும் என்று கேட்க அவர்களிடம் ஒரு சொல் இருக்கும்.