தேநீர்க்கடைக்கு வந்த கணிப்பொறி



கணிப்பொறியின் வரலாறு என்றவுடன் போர்க்களமும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அஃது இயல்பே. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகறிய இயங்கிக் காட்டிய எனியாக் என்னும் பெரும் பொறி, பீரங்கிகளுக்குரிய கணக்குப் பட்டியல்களை ஆக்குவதற்கென்றே தொடங்கப்பட்டது. ஆயினும், படைத்துறைக்கும் அறிஞர்க்கும் உரியதாயிருந்த அப்பொறி, ரொட்டி சுடுவோர்க்கும் தேநீர்க்கடை நடத்துவோர்க்கும் எவ்வாறு பயன்படத் தொடங்கிற்று என்பது அதனினும் சுவையான வரலாறாகும். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

இலண்டன் மாநகரில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. 1894இல் பிக்காடிலித் தெருவில் தன் முதல் தேநீர்க்கடையைத் திறந்த அந்நிறுவனம், நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளையும் பெரிய ரொட்டிச்சாலைகளையும் உடையதாய் வளர்ந்தது. வளர்ச்சியோடு ஒரு தொல்லையும் வளர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிது. அச்சிறு தொகைகள் இலட்சக்கணக்கில் சேரும்போது, அவற்றைக் கணக்கெழுதும் செலவே இலாபத்தை விழுங்கிவிடக்கூடும். ஆகவே, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவரை 1923இல் பணிக்கமர்த்தி, அலுவலக முறைகளை ஆராய்ந்து செப்பனிடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர்.

1947இல் இந்நிறுவனம் தாம்சன், ஸ்டாண்டிங்போர்டு என்னும் இரு அலுவலர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்குள்ள அலுவலக முறைகளைக் கண்டு வருவது அவர்தம் நோக்கம். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் அறிஞரைக் கண்டு மின்கணிப்பொறி பற்றி உரையாடியபோது, உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், அத்தகைய பொறியொன்று உருவாகி வருகிறதே என்று அவர் கூறினாராம். கடல் கடந்து தேடிச் சென்ற பொருள் தம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது!

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் எட்சாக் என்னும் பொறி அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. லயன்ஸ் நிறுவனம் அதற்கு 3,000 பவுன் உதவியது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்சாக் இயங்கியவுடன், அதனைப் பின்பற்றித் தனக்கென ஒரு பொறியை அமைக்கத் துணிந்தது. பொறியமைக்கும் பொறுப்பை ஜான் பிங்கர்ட்டன் ஏற்றார். எந்த வேலையை எப்படிப் பொறிக்கு இசைவாக வகுப்பது என்னும் பொறுப்பு டேவிட் கேமினருடையது. லயன்ஸ் மின்னணு அலுவலகம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அப்பொறிக்கு லியோ எனப் பெயரிட்டனர். 1951ஆம் ஆண்டின் இறுதியில் ரொட்டிச்சாலைகளில் ஆன பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை லியோ முறையாக ஏற்றுக்கொண்டது. வாணிக அலுவலகத்தின் அன்றாட வேலையை ஒரு கணிப்பொறி செய்தது உலகிலேயே அதுதான் முதன்முறை.

கணிப்பொறியின் அடிப்படை உறுப்புகள் ஐந்து. செய்தியை ஏற்கும் வாயில், அதனைத் தாங்கும் நினைவகம், கூட்டல் கழித்தல் முதலியவற்றைச் செய்யும் கணிப்பகுதி, எதன்பின் எதைச் செய்வது என்று ஆணையிடும் கட்டுப்பாட்டுப் பகுதி, விடையை வெளியிடும் வாயில் என்பன அவை. லியோவில் ஏறத்தாழ ஆறாயிரம் வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த அதே இனத்துக் கண்ணாடிக் குழல்கள்தாம். அதன் நினைவகமோ பாதரசம் நிரம்பிய குழாய்களால் ஆனது. குழாயின் ஒரு முனையில் எழுப்பப்பட்ட ஒலித்துடிப்பு மறுமுனையை அடைந்ததும் மீண்டும் முதல் முனைக்கே திருப்பி அனுப்பப்படும். இவ்வாறு துடிப்புகள் ஓயாது சுற்றிவரும் வரையில் எண்ணும் மறக்கப்படுவதில்லை. அம்முறையில் 2,048 எண்களை அது நினைவிற் கொள்ளும்.

துடிப்பு எவ்வாறு எண்ணாகும் என்று நீங்கள் வினவலாம். துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. இவ்விரண்டே போதும். பதின்மூன்று ரொட்டிகள் என்பதை 1101 என்று எழுதலாம். வலமிருந்து இடமாக இடங்களின் மதிப்பு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்லும். ஒரு எட்டும், ஒரு நான்கும், ஒரு ஒன்றும் சேரப் பதின்மூன்று ஆகிறதன்றோ? இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசியும் இந்த இரண்டு குறிகளைக் கொண்டே பாட்டையும் படத்தையும் தாங்குகிறது. வால்வுகளின் இடத்தை நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் ஏற்றனவே ஒழிய, அடிப்படை மாறவில்லை.

ஊதியக் கணக்கிலும் லியோ புகுத்தப்பட்டது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடங்களில் செய்துவந்த ஓர் ஊழியரின் ஊதியக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது. ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது 1954இல் தொடங்கிய மற்றொரு வேலையே. ஒவ்வொரு தேநீர்க்கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தேவைப்படும் பண்டங்களின் பட்டியல் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் பிற்பகலில் கடையின் மேலாளரான அம்மையாரோடு தலைமையகத்து ஊழியர் தொலைபேசியில் பேசுவார். பட்டியலில் எது கூடவேண்டும், எது குறையவேண்டும் என்று மட்டும் அம்மையார் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல, ஊழியர் அட்டையில் துளையிடுவார். அவ்வட்டைகளை ஏற்ற லியோ, எல்லாக் கடைகளின் தேவையையும் கூட்டி, ரொட்டிச்சாலை எவ்வளவு சுடவேண்டும், எந்தக் கடைக்கு எதனை அனுப்பவேண்டும் என்று பட்டியல் அச்சிட்டுத் தரும்.

அந்த அம்மையார் வால்வைக் கண்டவரல்லர். பாதரசக் குழாயை அறிந்தவரல்லர். எனினும், உலகின் முதல் அன்றாடக் கணிப்பொறிப் பயனாளருள் அவரும் ஒருவர். அவருக்கு இருந்த அறிவு வேறு வகையானது. நாளை மழை வருமா, தெருவில் கூட்டம் மிகுமா, நேற்று எந்தப் பண்டம் மீந்தது என்பன அவருக்குத்தான் தெரியும். இருபது என்பதற்கு மாறாக இருநூறு என்று அவர் சொல்லியிருப்பின், பொறி பிழையின்றிக் கூட்டி இருநூற்றையே அனுப்பியிருக்கும். கூட்டலைச் சரிபார்க்கப் பொறி வல்லது. கேட்டது தகுமா என்று பார்க்க, எவரேனும் அதற்கு முன்கூட்டியே விதி வகுத்துத் தந்திருக்கவேண்டும்.

நெடுங்காலம் பள்ளிகளில் கணக்குப் பயிற்றியவன் நான். ஆண்டுத் தேர்வு முடிந்தபின் மதிப்பெண் பட்டியலை ஒருவர் வாசிக்க மற்றொருவர் கூட்டி, இரவு முழுதும் ஆசிரியர்கள் விழித்திருந்த காலத்தை அறிவேன். அவ்வுழைப்பைப் பொறி ஏற்றுக்கொண்டது நன்மையே. ஆனால், எழுத்தர் பலர் செய்த வேலையை ஒரு பொறி செய்யுமாயின் அந்த எழுத்தர் நிலை யாது என்னும் வினாவும் உடன் எழுகிறது. அவ்வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. லயன்ஸ் நிறுவனத்தின் வரலாறு ஒரு குறிப்பை மட்டும் நமக்குத் தருகிறது. அங்கே அலுவலகத்து வேலையை அணுவணுவாக அறிந்தவர்களே பொறிக்குரிய ஆணைகளையும் வகுத்தார்கள். வேலையை அறியாதார் கையில் அப்பொறி வெறும் வால்வுக் கூட்டமாகவே நின்றிருக்கும்.

முதல் லியோ 1965இல் ஓய்வு பெற்றது. அதனை ஆக்கிய நிறுவனமும் பிற நிறுவனங்களோடு இணைந்து தன் பெயரை இழந்தது. தேநீர்க்கடைகளும் மறைந்தன. ஆனால் அந்த அம்மையாரின் இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள். பொறியைத் தொடும்போதெல்லாம், நான் இதற்குத் தரும் செய்தி மெய்யா, இது தரும் விடை பொருந்துமா என்று கேட்டுப் பழகுங்கள். இயலுமாயின், அதற்கு ஆணை எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டலும் கழித்தலும் அறிந்தவர்க்கு அஃது எட்டாக் கனியன்று.