எட்டாம் எண் அறையும் லைப்சிக் மாணவர்களும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார், பழைய ஞாபகம் ஏதாவது எழுதுங்க" என்று சங்கத்துத் தம்பிமார் வந்து கேட்டார்கள். வேப்பமரத்தடி, மெஸ் சாம்பார், விடுதி விழா நாடகம் இவற்றையெல்லாம் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். நான் சரித்திரம் படித்தவன். முப்பது வருஷம் அதையே பாடம் நடத்திப் பிழைத்தவன். ஆகவே நம் விடுதியில் நடந்த ஒரு சிறு காரியத்தையும், அதன் பின்னால் இருக்கும் நீண்ட சரித்திரத்தையும் சேர்த்து எழுதத் துணிகிறேன்.

1973-ல் நான் பி.ஏ. முதலாண்டு சேர்ந்தேன். அப்போது பழைய கட்டடத்து எட்டாம் எண் அறையில் ஞாயிறு மாலைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். இரண்டு கட்டில், ஒரு பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் போட்ட கட்டன் காபி. நடத்தியவர் எம்.ஏ. படித்த ஓர் அண்ணன். பிரசங்கம் எதுவும் செய்யமாட்டார். வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுவார். பிறகு ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. அதன்பின் மூன்றே கேள்விகள்: இந்தப் பகுதி என்ன சொல்கிறது? அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அதன் பொருள் என்ன? இன்றைக்கு எனக்கு என்ன?

அந்த ஐந்து நிமிஷ மௌனம் ஆரம்பத்தில் எனக்குப் பெரிய அவஸ்தை. "இந்தப் பழக்கத்தை யாருண்ணே கண்டுபிடிச்சது?" என்று ஒருநாள் கேட்டேன். "நீதானே ஹிஸ்டரி மேஜர், நீயே கண்டுபிடி" என்றார். கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பழக்கம் மிகப் பழையது. முதலாம் சங்கீதம் இரவும் பகலும் தியானிக்கிற மனுஷனைப் பற்றிப் பேசுகிறது. அங்கே உள்ள எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்று பொருள். இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதைச் சொல்ல ஏசாயா அதே சொல்லைத்தான் ஆளுகிறார். ஆக, தியானம் என்றால் கண்ணை மூடிச் சும்மா இருப்பதல்ல. வாயில் கிடைத்ததை விடாமல் மெல்லுவது. 12-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மலை மடமொன்றின் தலைவராயிருந்த இரண்டாம் கீகோ என்ற துறவி இதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவ சமுகத்தில் அமர்ந்திருத்தல். வாசிப்பது கவளத்தை வாயில் வைப்பது, தியானிப்பது அதை மெல்லுவது என்பது அவர் சொன்ன உவமை.

ஆனால் இது மடத்துத் துறவிகளின் காரியமாக இருந்தது. மாணவர் அறைக்குள் எப்படி வந்தது?

அதற்கு நாம் 1686-ம் வருஷத்து லைப்சிக் நகரத்துக்குப் போகவேண்டும். ஜெர்மனியின் அந்தப் பல்கலைக்கழகத்தில் பவுல் ஆன்டன், ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு வேதபாட வட்டத்தைத் தொடங்கினார்கள். ஃபிராங்கேக்கு அப்போது வயது 23. பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி; எபிரேயம், கிரேக்கம், இலக்கணம், சொல் ஆராய்ச்சி. மொத்தத்தில் அது ஒரு புலவர் சபை. அவர்களுக்கு மூத்தவரான ஸ்பேனர் ஒரு யோசனை சொன்னார். அவர் 1670-லேயே பிராங்க்பர்ட் நகரில் சாதாரண சபை மக்களை வீட்டில் கூட்டி வேதம் வாசிக்கச் செய்தவர். ஆராய்ச்சி இருக்கட்டும், வாசித்ததை வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள் என்பதே அவர் யோசனை. வட்டம் திசை மாறியது.

அடுத்த வருஷமே ஃபிராங்கேக்குச் சோதனை வந்தது. லூனபர்க் என்ற ஊரில் பிரசங்கம் செய்ய அழைத்திருந்தார்கள். யோவான் சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துக்கொண்டார். விசுவாசத்தினால் ஜீவனைப் பெறுவது பற்றிய வசனம் அது. தயாரித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் உண்மை அவரைத் தாக்கியது. எந்த விசுவாசத்தைப் பற்றிப் பேசப் போகிறாரோ, அது அவரிடமே இல்லை! கிரேக்கம் தெரியும், அந்த வசனம் சொன்ன பொருள் மட்டும் கைவசம் இல்லை. பல நாள் தவித்து, முழங்காலில் நின்று, தெளிந்த பிறகுதான் பிரசங்கத்துக்குப் போனார்.

1693-ல் வேதவாசிப்பு பற்றி அவர் எழுதிய கையேடு இந்த அனுபவத்தின் கனி. வாசிப்பில் ஓடு ஒன்று, பருப்பு ஒன்று என்று அதில் பிரிக்கிறார். சரித்திரம், இலக்கணம், பகுதியின் கட்டமைப்பு இவை ஓடு. விளக்கம், உபதேசம், அதிலிருந்து பெறும் முடிவு, நடைமுறை இவை பருப்பு. ஓட்டை உடைக்காமல் பருப்பு கிடைக்காது. ஓட்டோடு நின்றால் பட்டினிதான்.

இங்கேதான் சரித்திரம் நம் பக்கம் திரும்புகிறது. லைப்சிக்கில் இத்தகைய கூட்டங்களுக்கு 1690-ல் தடை வந்தது. ஃபிராங்கே 1692-ல் ஹாலே நகருக்குப் போனார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சீகன்பால்க். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, புளூட்சோ என்ற தோழரோடு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினாரே, அதே சீகன்பால்க்தான். அவருக்கும் நம் இறுதியாண்டு மாணவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, தமிழ் படித்தார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். 1714, 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு தமிழில்தான்! வேதத்தைத் தன் தாய்மொழியில் தானே வாசித்து, தானே யோசிக்கவேண்டும் என்ற லைப்சிக் மாணவர் வட்டத்தின் ஆசை, கடல் தாண்டி வந்து தமிழ் எழுத்தானது என்றே நான் சொல்லுவேன்.

பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரை வந்தார் சீகன்பால்க். 1719-ல் காலமானார். மீதியை ஷூல்ட்சே முடித்து, 1728-க்குள் முழுவதும் அச்சாயிற்று. பிறகு ஃபபிரிஷியஸ் வந்தார்; ஹென்றி பவர் தலைமையில் நடந்த திருத்தம் 1871-ல் வந்தது. எட்டாம் எண் அறையில் எங்கள் மடியில் இருந்தது அதுதான்.

ரூத்துக்கு அடுத்தாற்போல் வருபவை சாமுவேலின் புஸ்தகங்கள். என் கதை அங்கேதான் இருக்கிறது.

1974-ல் நான் மெஸ் பிரதிநிதி. ஒரு மாதக் கணக்கில் அறுபது ரூபாய் உதைத்தது. அந்தக் காலத்தில் அறுபது ரூபாய் சின்னத் தொகையல்ல. பந்தி பரிமாறும் அண்ணன் ஒருவர் அடிக்கடி ஆபீஸ் அறைப் பக்கம் வந்துபோவதைப் பார்த்திருந்தேன். "அவர் மேல்தான் சந்தேகம்" என்று வாயைவிட்டேன். மறுவாரம் அவர் வேலையில் இல்லை. இருபது நாள் கழித்து, பால்காரருக்கு நானே கொடுத்த அறுபது ரூபாய் முன்பணத்தைக் கணக்கில் ஏற்றாமல் விட்டது தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மானம் போய்விடுமே என்ற பயம்.

அந்த நிலையில், என் முறை வந்தது. பகுதி 2 சாமுவேல் 12. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகடித்த தாவீது ராஜாவிடம், நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்கிறார். ராஜா கொதித்துத் தீர்ப்புச் சொல்கிறார். அந்த மனுஷன் நீர்தான் என்கிறார் நாத்தான். நான் அன்று பிரமாதமாகப் பேசினேன். இஸ்ரவேல் ராஜாக்களின் அதிகாரம், தீர்க்கதரிசிகளின் துணிச்சல், உவமையின் அழகு எல்லாம் வந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் முழு மார்க். பிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "சரிடா தம்பி, தாவீதை விடு. இதுல நீ எங்க இருக்கே?"

அந்த ஐந்து நிமிஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. நான் தாவீதுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன், தாவீது அந்தப் பணக்காரனுக்குச் சொன்னதுபோலவே.

அன்றிரவே அண்ணனிடம் சொன்னேன். திட்டவில்லை. "காலையில வார்டன்கிட்ட போவோம், நானும் வரேன்" என்றார். வார்டன் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அவர் குற்றமற்றவர், வேலைக்குத் திரும்பலாம் என்று தம் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, "நீயே கொண்டுபோய்க் கொடு" என்றார். பஸ் ஏறிப் போய், ஒரு டீக்கடையில் அவரைக் கண்டேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்து, என் தப்பைச் சொன்னேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "இதை எங்க ஊர்ல காட்டணும் தம்பி" என்றார். வேலைக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பேர் திரும்பிற்று, வேலை திரும்பவில்லை. மனந்திரும்புவதால் நடந்தது நடக்காததாகிவிடாது என்று அந்த அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. தாவீதுக்கு மன்னிப்பு உண்டு. உரியா உயிரோடு வரவில்லை.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் கேள்விக்கு நேராகத் தாவிவிடாதீர்கள். நன்மையான எதிர்காலத்தைப் பற்றிய எரேமியா 29-ம் அதிகாரத்து வசனத்தைப் பரீட்சைக்கு முன்னால் சுவரில் ஒட்டுகிறோம். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது! அதைத் தெரிந்துகொண்டு ஒட்டினால், ரிசல்ட் நாளில் மட்டுமல்ல, அரியர்ஸ் வந்த நாளிலும் அது உங்களோடு பேசும். அதேபோல முதல் இரண்டு கேள்வியோடு நின்றும்விடாதீர்கள். நான் அப்படி நின்றவன்.

இன்று உங்கள் கைப்பேசியிலேயே பத்து மொழிபெயர்ப்பு இருக்கிறது. சீகன்பால்க் ஐயர் பார்த்தால் ஆனந்தப்படுவார். ஆனால் அந்த ஐந்து நிமிஷ மௌனத்தை எந்தக் கருவியும் தராது; அதை நீங்கள்தான் ஒதுக்கவேண்டும். நண்பர்களே, சங்கமத்துக்கு வரும்போது பழைய கட்டடத்துப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். எட்டாம் எண் அறை வாசலில் ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தால், அது நான்தான்.