கூழ் காய்ச்சும் பேய்கள்: மலிவுப் பேய்ப்படங்களின் முன்வரலாறு

தமிழ்ப் பேய்ப்படம் பயமுறுத்தத் தொடங்கி, போகப்போகக் கேலிக்கூத்தாகிவிட்டது என்று விமர்சகர்கள் பலர் வருத்தப்படுவதுண்டு. ஆனால் தமிழில் கேலிக்கூத்துதான் மூத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாட வந்த செயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியில் பெரும்பங்கைப் பேய்களுக்கே ஒதுக்கினார். பசியில் வற்றிப்போன அந்தப் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. மாண்டவர்களின் பல்தான் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. பந்தியில் ஆசாரம் வேறு: உயிர்க்கொலை ஆகாத சமணப் பேய்க்கு, மயிர் விழாமல் நிணத்துணியால் வடிகட்டிய கூழ்! குமட்டலும் சிரிப்பும் ஒன்றாக வரும்படி எழுதத் தெரிந்தவர் அவர்.

சினிமா தொடக்கத்தில் இந்தச் சிரிப்பைத் தொடவில்லை. 1951-ல் வந்த ‘மர்மயோகி’, பேய்க் காட்சிகளுக்காக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் தமிழ்ப்படம். இத்தனைக்கும் அதில் பேயாக உலவுவது உயிரோடிருக்கும் அரசர்தான்.

சிரிப்பு திரும்பி வந்தது அடுப்படி வழியாக. பி. விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’ (1978) தெலுங்குப் படம். தமிழில் மொழிமாற்றமாகி வந்தது. அதில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரியவிட்டுச் சமைக்கிறது பேய். படத்தில் மற்றதெல்லாம் மறந்தவர்களுக்கும் அந்தக் கால் நினைவிருக்கும். உடுப்பிப் பக்கத்துக்காரரான விட்டலாச்சாரியா, போட்ட கணக்கைத் தாண்டிச் செலவழிக்காதவர் என்று பெயரெடுத்தவர். சம்பளம் கூடுதலாகக் கேட்ட நடிகரைக் கதையில் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிடுவார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, மாயாஜாலம் சிக்கனத்துக்கும் உதவும் என்பது அதில் இருக்கிறது.

பெரிய நட்சத்திரம் இல்லாத படத்துக்குச் சுவரொட்டிதான் நட்சத்திரம். இங்கேதான் சிவகாசி வருகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டியிருந்ததால் லித்தோ அச்சகங்கள் பெருகின. பிறகு காலண்டர், பட்டாசு லேபிள், சினிமா போஸ்டர் என்று வேலை விரிந்தது. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்கள் இந்தத் தொழில்களின் நடுவே வளர்ந்தவை. பட்டாசு லேபிளுக்கும் பேய்ப்பட போஸ்டருக்கும் அழகியல் ஒன்றுதான்: அடிக்கிற சிவப்பு, அடிக்கிற மஞ்சள், நடுவில் ஒரு முகம், உள்ளே இருப்பதைவிடப் பெரிய சத்தத்தை வெளியே வாக்களிப்பது. தினமும் வெடிமருந்தோடு புழங்கும் இந்த ஊர் ஜனங்களுக்குத் திரைப்பேய் வேடிக்கையாகிவிட்டது என்று இதிலிருந்து ஒரு கோட்பாடு கட்ட ஆசை வரும். கட்டக்கூடாது. கோவையிலும் தஞ்சையிலும் இதே சிரிப்புதான்.

இந்தியில் ராம்சே சகோதரர்களும் குறைந்த செலவுக்காரர்களே. ஆனால் ‘புரானா மந்திர்’ (1984) படத்தில் பேய் ஒரு பக்கம் மிரட்ட, நகைச்சுவை நடிகர் ஜக்தீப்பின் ‘ஷோலே’ நையாண்டி தனித்தடத்தில் ஓடியது. அதே காலத் தமிழில் ‘யார்?’ (1985) போன்றவை பயத்தையே நம்பின. பயம், சிரிப்பு இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றியது ராகவா லாரன்ஸ்: ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011). பொழுது சாய்ந்தால் அம்மா துணையில்லாமல் கழிப்பறைக்கும் போகாத நாயகன்மேல்தான் பேய் இறங்குகிறது. 2014-ல் ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’. 2016-ல், தொலைக்காட்சியில் ‘லொள்ளு சபா’ எடுத்த ராம்பாலாவின் ‘தில்லுக்கு துட்டு’: ஆளை வைத்துச் செட்டப் செய்த பேய்களுக்கு நடுவே நிஜப் பேய்.

வேண்டுமென்றே செய்யும் அபத்தம், தெரியாமல் நேர்ந்த அபத்தத்தைப் போல ருசிக்காது என்று அமெரிக்க விமர்சகர் சூசன் சொண்டாக் 1964-ல் எழுதினார். எட் வுட் போன்ற ஹாலிவுட் மலிவுப்பட இயக்குநர்களுக்கு அது பொருந்தலாம். இங்கே பொருந்தவில்லை. செயங்கொண்டார் தெரியாமல் எழுதியவரா? கால் எரிவது தந்திரக்காட்சி என்று கொட்டகையில் இருந்தவருக்கும் தெரியும். தந்திரம் தெரிந்தே கைதட்டுவதுதான் சுகம். ‘ஜகன்மோகினி’யை 2009-ல் நமீதாவை வைத்துக் கணினி வரைகலையோடு மறுபடி எடுத்தார்கள். ஜனங்கள் இன்னமும் பழைய அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.